ஒன்பது மாத்திரை, நான்கு டாக்டர்: எது எதோடு மோதும்?

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 9

அப்பாவுக்கு 74 வயது. இதயத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டு வலிக்கு ஒருவர், சளி காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருக்கும் ஒருவர். மொத்தம் ஒன்பது மருந்து. நேற்று எல்லாப் பெயரையும் ஒரு இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். மஞ்சளும் சிவப்புமாக எச்சரிக்கை வரிசைகட்டி வருகிறது. டாக்டர்கள் பார்த்துத்தானே எழுதியிருப்பார்கள்? இல்லை, மோதுகிறவற்றில் ஒன்றிரண்டை நானே நிறுத்திவிடலாமா?

ஜனவரி 9, இரவு

நிறுத்த வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் மருத்துவமனை வார்டில் மருந்தாளுநர். படுத்திருப்பவர்களின் மருந்து அட்டையை வரிவரியாகப் பார்ப்பதுதான் வேலை. ஒன்பது மருந்து என்றால் 36 ஜோடி. அந்த இணையப் பக்கம் ஒவ்வொரு ஜோடியையும் தனியாக எடுத்து, எங்கோ யாருக்கோ நடந்ததையெல்லாம் கொட்டிவிடும். உங்கள் அப்பாவுக்கு அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று அதற்குத் தெரியாது. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம் என்று காட்டும். உண்மைதான். ஆனால் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த ஆபத்தைத் தெரிந்தேதான் இரண்டையும் எழுதுகிறார்கள். வீட்டில் யாராவது பயந்துபோய் ஒன்றை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பே வரலாம்.

நான் கேட்பது வேறு கேள்வி. கடந்த ஒரு மாதத்தில் எது புதிதாகச் சேர்ந்தது? எது நின்றது? எதன் அளவு மாறியது? இரண்டு வருடமாக ஒரே பட்டியலில், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டு நன்றாக இருப்பவரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பட்டியல் அசைந்த வாரம்தான் எனக்குப் பயம். ஒன்பதோடு பத்தாவதாக ஒன்று சேர்ந்தால் ஜோடிகள் 45 ஆகும். ஒரே ஒரு மாத்திரை ஒன்பது புதிய ஜோடிகளைக் கொண்டுவருகிறது.

பட்டியலைப் போடுங்கள். எது எப்போது ஆரம்பித்தது என்ற தேதியோடு போடுங்கள்.

ஜனவரி 10, காலை

பட்டியலைப் பார்த்தேன். இருமலுக்கு நேற்று முன்தினம் ஆரம்பித்த கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், மூட்டு டாக்டர் கவுட்டுக்கு (யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டு வலி) கொடுத்துவரும் கோல்சிசின். இந்தப் பதிவை மேற்கொண்டு படிப்பதற்கு முன் கிளாரித்ரோமைசின் எழுதிய டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் மூட்டு டாக்டர். அவரும் இல்லை என்றால் அவசரச் சிகிச்சைப் பிரிவு. அடுத்த வேளை மருந்துக்கு முன்னால் பேசிவிடுங்கள். சொல்ல வேண்டியது ஒரே வரி: "அப்பா தினமும் கோல்சிசின் எடுக்கிறார், சிறுநீரகம் கொஞ்சம் குறைவு என்று போன ரிப்போர்ட்டில் வந்தது, கிளாரித்ரோமைசின் சேர்ந்திருக்கிறது."

வயிற்றுப்போக்கு, வாந்தி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போனோடு நிறுத்தாமல் நேரில் அழைத்துப் போங்கள்.

ஜனவரி 10, இரவு

நல்லது. டாக்டர் உடனே டாக்ஸிசைக்ளினுக்கு மாற்றியதும், கோல்சிசினைச் சில நாள் நிறுத்தி ரத்தம் எடுக்கச் சொன்னதும் சரியான முடிவுகள். வயிறு கலங்கவில்லை என்பதும் நிம்மதி. டாக்ஸிசைக்ளினை உங்கள் பட்டியலில் இருக்கும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளும், மருந்து உடலில் ஏறாது. எத்தனை மணி நேர இடைவெளி என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.

ஏன் அவ்வளவு பதறினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். கோல்சிசினுக்கு நோயைத் தணிக்கும் அளவும் நஞ்சாகும் அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கல்லீரலில் சிஒய்பி 3ஏ4 என்ற நொதி அதை உடைக்கிறது. பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பு அதைக் குடலுக்குள்ளும் பித்தத்துக்குள்ளும் தள்ளி வெளியேற்றுகிறது. கிளாரித்ரோமைசின் இரண்டையும் அடைத்துவிடும். மதகை மூடினால் ஏரியில் தண்ணீர் ஏறுவதுபோல, வழக்கமான அளவு மாத்திரையிலேயே ரத்தத்தில் கோல்சிசின் ஏறிக்கொண்டே போகும். சிறுநீரகமும் மந்தமாக இருந்தால் தப்பிக்க வழியே இல்லை. முதலில் வயிற்றுப்போக்கு. அதை எல்லோரும் "ஆன்டிபயாடிக் எடுத்தால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் தசை தளரும், ரத்த அணுக்கள் சரியும். இறந்திருக்கிறார்கள்.

அதே கிளாரித்ரோமைசின் அப்பாவின் கொழுப்பு மாத்திரையான அடோர்வாஸ்டாட்டினையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். சர்க்கரை மாத்திரையான கிளிமெபிரைடோடு சேர்ந்து சர்க்கரையைத் தாழ்த்தவும் கூடும். ஒரே மாத்திரை மூன்று இடத்தில் கை வைக்கிறது. ஆனால் எழுதிய டாக்டர் முன்னால் இருந்தது ஒரு இருமல் மட்டும். மற்ற மூன்று டாக்டர்களின் சீட்டு அவர் மேசையில் இல்லை.

ஜனவரி 12

ஒருவர் கேட்கிறார்: "சரி, புதிது சேர்ந்தால் ஆபத்து. அந்தப் புதியது ஐந்து நாள் மருந்துதானே, முடிந்தால் தீர்ந்தது அல்லவா?"

இல்லை. இதற்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் எளிதில் உறையாமல் காக்கும் வார்ஃபரின். ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதை ஐ.என்.ஆர் என்ற எண்ணால் பார்ப்பார்கள். மருந்தே இல்லாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். அம்மாவுக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் வைத்திருந்தார்கள், வருடக்கணக்கில் அசையாமல் நின்றது. ஒருமுறை பல்லில் சீழ் வைத்தது. ஒரு பல் மருத்துவமனையில் மெட்ரோனிடசோல் எழுதினார்கள். "சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்று அம்மா சொன்னார். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை வார்ஃபரின் இதயத்துக்கு, பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வெளியூரிலிருந்து நான் வந்த அன்று வீட்டுக் கருவியில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். பட்டையைக் கழற்றியபோது மேல்கையில் அதன் விளிம்பு அப்படியே ஊதாக் கோடாக நின்றது. அழுத்தினேன், மறையவில்லை. தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருந்தது. ஈறில் பஞ்சு வைத்துப் பார்த்தால் சிவப்பு. ஐ.என்.ஆர் 7ஐத் தாண்டியிருந்தது. வார்ஃபரினை உடைக்கும் நொதியை மெட்ரோனிடசோல் தடுத்துவிடும். இது பாடப்புத்தகத்தில் முதல் பக்கங்களிலேயே இருக்கும் மோதல்.

இரண்டு வேளை வார்ஃபரினை நிறுத்தி, கொஞ்சம் வைட்டமின் கே கொடுத்து, அளவைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லோரும் மூச்சு விட்டோம். ஆனால் மெட்ரோனிடசோல் முடிந்ததும் தடை நீங்கிவிடும். நொதி பழையபடி வேலை செய்யும். குறைத்த அளவு இப்போது போதாது. வால்வில் ரத்தம் உறைந்தால் பக்கவாதம். அதனால் அடுத்த இரண்டு வாரம் அடிக்கடி ஐ.என்.ஆர் பார்த்து அளவைப் படிப்படியாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். ஐந்து நாள் மருந்துக்கு இரண்டு ஆபத்தான நாட்கள் உண்டு: ஆரம்பிக்கும் நாள், முடியும் நாள். முதலாவதைப் பற்றியாவது சிலர் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

முடியும் நாளுக்கு இன்னும் பெரிய உதாரணம் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின். இது எதிர்த் திசையில் போகும். கல்லீரலில் நொதிகளைப் பெருக்கிவிடும். மற்ற மருந்துகள் வேலை செய்வதற்கு முன்பே உடைந்துபோகும். கருத்தடை மாத்திரை பலிக்காது. வார்ஃபரின் அளவை இரண்டு மூன்று மடங்குகூட ஏற்ற வேண்டி வரலாம். பல மாதம் கழித்துக் காசநோய் குணமாகி ரிஃபாம்பிசின் நிற்கும். வீட்டில் சந்தோஷம். பெருகிய நொதி இரண்டு வாரத்தில் மெல்ல வடிந்துவிடும், ஏற்றி வைத்த வார்ஃபரின் அளவு மட்டும் அப்படியே இருக்கும். ரத்தக்கசிவோடு வருவார்கள். "புதிதாக எந்த மருந்தும் எடுக்கவில்லை" என்று சத்தியம் செய்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். அதனால்தான் எது நின்றது என்றும் கேட்கிறேன்.

ஜனவரி 14

"மருந்தைச் சந்தைக்கு விடும் முன் இதையெல்லாம் சோதிக்க மாட்டார்களா?"

இப்போது நிறையச் சோதிக்கிறார்கள். அந்தப் பழக்கம் உயிர்களைக் கொடுத்து வந்தது.

டெர்ஃபெனடின் என்று ஒவ்வாமை மருந்து. அமெரிக்காவில் 1985இல் வந்தது. தூக்கம் வராது என்பதால் தும்மலுக்கும் அரிப்புக்கும் கோடிக்கணக்கானோர் எடுத்தார்கள். விழுங்கிய மருந்து குடலையும் கல்லீரலையும் கடக்கும்போதே முழுக்க வேறொரு பொருளாக மாறிவிடும், அந்தப் பொருள்தான் ஒவ்வாமையை அடக்கும். மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் இருப்பதே அரிது. ஆகவே அது இதயத்தை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியவில்லை. பூஞ்சைத் தொற்றுக்குக் கீட்டோகோனசோலோ, தொண்டைத் தொற்றுக்கு எரித்ரோமைசினோ சேர்த்து எடுத்தவர்களுக்கு அந்த மாற்றம் தடைபட்டது. மாறாத டெர்ஃபெனடின் இதயத் தசையின் பொட்டாசியம் வாயில்களை அடைத்தது. ஈ.சி.ஜி.யில் க்யூ.டி இடைவெளி நீண்டது, துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழுந்தார்கள். சிலர் எழவில்லை. தும்மலுக்கு மாத்திரை எடுத்தவர்கள்! 1998இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. அதற்குள் அந்த மாறிய பொருளையே தனி மருந்தாகச் செய்துவிட்டார்கள். இன்று நாம் எடுக்கும் ஃபெக்ஸோஃபெனடின் அதுதான். அது இதயத்தின் அந்த வாயில்களைத் தொடுவதில்லை.

ஜப்பானில் 1993இல் நடந்தது இன்னும் கொடுமை. அக்கி நோய்க்கு சொரிவுடின் என்ற மருந்து வந்தது. குடலில் வாழும் பாக்டீரியா அதை உடைத்து வேறொன்றாக்கும். 5-ஃப்ளூரோயுராசில் வகைப் புற்றுநோய் மருந்தை உடைக்கும் நொதியை அந்தப் பொருள் நிரந்தரமாக முடக்கிவிடும். புற்றுநோயாளிகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, அக்கி எளிதில் வரும். இரண்டு மருந்தும் ஒரே ஆளுக்குப் போவது தற்செயல் அல்ல. மருந்து வந்து சில வாரங்களில் 15 பேர் இறந்தார்கள்.

மிபெஃப்ராடில் என்ற ரத்த அழுத்த மருந்து 1997இல் வந்து 1998லேயே போய்விட்டது, காரணம் பிற மருந்துகளோடு மோதல். கொழுப்புக்கான செரிவாஸ்டாட்டின் 2001இல் போனது. ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தோடு அதைச் சேர்த்து எடுத்து, தசை கரைந்து சிறுநீரகம் அடைபட்டவர்கள் நிறையப் பேர்.

ஜனவரி 15

ஓய்வில்லாத டாக்டர்கள்தான் காரணம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். லிபி சயனின் கதையைச் சுட்டியிருக்கிறார். 1984 மார்ச்சில் நியூயார்க்கில் காய்ச்சலோடும் நடுக்கத்தோடும் சேர்க்கப்பட்ட 18 வயது மாணவி, மறுநாள் காலைக்குள் இறந்தார். அதன் விளைவாக 1989இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களின் வேலையை வாரம் 80 மணி நேரம் என்று கட்டுப்படுத்தியது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்தது.

மருந்துப் பக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. அவர் மனச்சோர்வுக்கு ஃபெனெல்சின் எடுத்துவந்தார். நடுக்கத்தை அடக்க பெதிடின் ஊசி போட்டார்கள். இந்த இரண்டும் சேரவே கூடாது. மூளையில் செரோடோனின் கட்டுக்கடங்காமல் ஏறும், உடல் கொதிக்கும். இறப்புக்கு இதுதான் காரணமா என்று நீதிமன்றத்தில் கடைசிவரை வாதாடினார்கள், அதை நான் தீர்த்துவைக்க முடியாது. ஆனால் தூக்கம் இல்லாத டாக்டரை நன்றாகத் தூங்கவிட்டாலும், ஃபெனெல்சினும் பெதிடினும் மோதும் என்பது அவர் நினைவில் இருக்க வேண்டும், அல்லது நினைவூட்ட ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஆளாக இருப்பதுதான் என் வேலை. அதனால் இந்தப் பெண்ணை என்னால் மறக்க முடிவதில்லை.

இன்று ஃபெனெல்சின் அரிது. அதே மோதல் வேறு வேடத்தில் வரும். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவருக்கு வலிக்கு டிராமடோல், அல்லது கடும் தொற்றுக்கு லினசோலிட். லினசோலிட் ஆன்டிபயாடிக்தான், ஆனால் ஃபெனெல்சின் தடுக்கும் அதே நொதியைக் கொஞ்சம் தடுக்கும். கை கால் உதறல், வியர்வை, பரபரப்பு, தொட்டால் துள்ளும் தசை. காய்ச்சல் என்று நினைத்துப் பாரசிட்டமால் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஜனவரி 15, பின்குறிப்பு

நின்ற மருந்து உடலிலிருந்தும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். மனச்சோர்வு மாத்திரையான ஃப்ளூவாக்ஸெட்டினை நிறுத்திய பிறகு ஃபெனெல்சின் வகை மருந்தை ஆரம்பிக்க ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் மாதக்கணக்கில் தங்கும். பட்டியலில் "போன மாதம் நிறுத்தியவை" என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும்.

ஜனவரி 18

வலி மாத்திரை பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென். சீட்டில்லாமலும் கிடைப்பதால் இவற்றை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை, பட்டியலிலும் எழுதுவதில்லை.

வார்டில் அடிக்கடி பார்க்கும் கூட்டணி இது. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் போன்ற ஒன்று, கால் வீக்கத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை, அதோடு முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயை வலி மாத்திரை சுருக்குகிறது, வெளியேறும் குழாயை ராமிப்ரில் தளர்த்துகிறது, நீர் மாத்திரை மொத்த ரத்தத்தின் அளவையே குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தம் இல்லாமல் சிறுநீரகம் ஓய்ந்துவிடும். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் போதும், விழுந்துவிடுவார்கள். "மூட்டு வலிக்கு நாலு நாள்தான் போட்டேன்" என்று அந்தப் பெரியவர்கள் சொல்லும்போது மனசு கனக்கும். அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் எடுப்பவர்கள் இந்த மூன்று வகையிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். லித்தியம் சிறுநீரகம் வழியாக மட்டுமே வெளியேறும். ரத்தத்தில் 0.6 முதல் 1.0 வரை வைத்திருப்பார்கள், 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. எவ்வளவு ஒடுக்கமான பாதை என்று பாருங்கள். கை நடுக்கம் அதிகமாகி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அன்றே ரத்தம் பாருங்கள்.

மூட்டுவாதம் போன்றவற்றுக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள், சிறுநீர்த் தொற்றுக்கு டிரைமெத்தோபிரிமோ கோட்ரைமாக்சசோலோ எழுதினால் உடனே சொல்லுங்கள். இரண்டும் ஃபோலேட்டைத் தடுப்பவை, எலும்பு மஜ்ஜை படுத்துவிடும்.

ஜனவரி 20

ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார்: "புதிது, நின்றது என்று மட்டும் பார்த்தால் மெல்லக் கெடுவதைத் தவறவிடுவீர்கள். ராமிப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் ஒரு வருடம் ஒழுங்காகப் போய்விட்டுத் திடீரென்று பொட்டாசியம் ஏறும்."

நன்றி. இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1999இல் ஒரு பெரிய ஆய்வு, இதயச் செயலிழப்புக்கு ஸ்பைரோனோலாக்டோன் உயிர் காக்கும் என்று காட்டியது. உண்மையிலேயே காக்கும். உலகெங்கும் எழுத ஆரம்பித்தார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 2004இல் கணக்கெடுத்தபோது, அந்த வகை நோயாளிகளில் பொட்டாசியம் ஏறி மருத்துவமனைக்கு வந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்தது 2001இல் 11 ஆகியிருந்தது. ஆய்வில் அடிக்கடி ரத்தம் பார்த்தார்கள், சிறுநீரகம் கெட்டவர்களைச் சேர்க்கவில்லை. வெளியில் அந்தக் கவனம் இல்லை.

யோசித்துப் பார்த்தால் இங்கேயும் ஒன்று மாறித்தான் இருக்கிறது. மாத்திரை மாறவில்லை, ஆள் மாறிவிட்டார். சிறுநீரகம் வயதோடு மந்தமாகியிருக்கும், எடை குறைந்திருக்கும், வாந்தியில் நீர் வற்றியிருக்கும். என் கேள்வியை இனி இப்படிக் கேட்கிறேன்: மருந்தில் என்ன மாறியது, உடம்பில் என்ன மாறியது, பழக்கத்தில் என்ன மாறியது?

பழக்கத்துக்கு ஒரு உதாரணம். மனச்சிதைவு நோய்க்கு க்ளோசபின் எடுக்கும் ஒருவர் புகைப்பதை நிறுத்துகிறார். எவ்வளவு நல்ல காரியம்! ஆனால் சிகரெட் புகை க்ளோசபினை உடைக்கும் நொதியைப் பெருக்கி வைத்திருந்தது. புகை நின்றதும் ஒரு வாரத்தில் மருந்து ரத்தத்தில் ஏறும். தூக்கம், எச்சில் வழிதல், வலிப்புகூட வரலாம். நிகோடின் பட்டை ஒட்டியிருந்தாலும் இதே கதிதான், ஏனெனில் நொதியைப் பெருக்குவது புகையில் உள்ள கரிப்பொருட்கள், நிகோடின் அல்ல. ஆகவே நிறுத்தும் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தைக் குறைத்துத் தருவார்.

ஜனவரி 21

சிறிய குறிப்பு. வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு மெரோபெனம் ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாளில் வால்ப்ரோயேட் ரத்தத்தில் சரிந்துவிடும். அளவைக் கூட்டியும் பயனில்லை. வேறு ஆன்டிபயாடிக் அல்லது வேறு வலிப்பு மருந்து. ஐ.சி.யு.வில் உறவினர் இருந்தால் இதைக் கேட்டுவைப்பது தவறில்லை.

ஜனவரி 23

எல்லா மோதலும் கெட்டதா என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த ஒரு வரலாறு உண்டு.

கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் ஒரே ஆய்வகத்தில் வேலை செய்தவர்கள். 1988இல் நோபல் பரிசு பெற்றார்கள். ரத்தப் புற்றுநோய்க்கான 6-மெர்காப்டோபியூரின் அவர்கள் தந்தது. சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை உடலில் சீக்கிரம் உடைத்துவிடும். உடையாமல் காக்கவே, அந்த நொதியைத் தடுக்கும் அல்லோபியூரினாலைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அந்த மோதல் அவர்கள் வேண்டி உண்டாக்கியது! அப்போது அல்லோபியூரினால் யூரிக் அமிலத்தையும் குறைப்பது தெரிந்தது. இன்று அது கவுட்டுக்கு நிரந்தர மருந்து. உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் அசத்தியோபிரினும் அதே ஆய்வகத்துப் பிள்ளைதான், உடலில் 6-மெர்காப்டோபியூரினாக மாறும். சிறுநீரகம் மாற்றியவருக்குக் கவுட் வந்து, தெரியாமல் அல்லோபியூரினால் எழுதினால், வெள்ளணுக்கள் தரைமட்டமாகும். சேர்த்தே தீர வேண்டும் என்றால் அசத்தியோபிரினைக் கால் பங்காகக் குறைப்பார்கள். அதே வேதியியல்தான், தெரிந்து செய்தால் சிகிச்சை.

கோவிட் மாத்திரையில் நிர்மாட்ரெல்விரோடு வந்த ரிட்டோனவிரும் அப்படித்தான். அதன் ஒரே வேலை நொதியைத் தடுத்து நிர்மாட்ரெல்விரை உடலில் நிறுத்திவைப்பது. ஆனால் அது யாரையும் பார்த்துத் தடுப்பதில்லை. டாக்ரோலிமஸ் எடுக்கும் உறுப்பு மாற்றியவர்களுக்கு அந்த ஐந்து நாளே பெரிய ஆபத்தாகிவிடும்.

ஜனவரி 24

உணவு பற்றி: கிரேப்ஃப்ரூட் சாறு உண்மைதான். கனடாவில் ரத்த அழுத்த மருந்தான ஃபெலோடிபினோடு மதுவைச் சோதித்தபோது மதுவின் சுவையை மறைக்க அந்தச் சாறு கொடுத்தார்கள். மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியது. குடல் சுவரில் இருக்கும் 3ஏ4ஐ அது முடக்குகிறது. குடல் புது நொதி செய்யும்வரை, ஒரு நாளுக்கும் மேல், விளைவு நீடிக்கும். காலையில் சாறு, ராத்திரி மாத்திரை என்று பிரித்துவைப்பதால் பயனில்லை.

பாலாடைக்கட்டி கதை எனக்கு இன்னும் நெருக்கம். 1960களின் தொடக்கத்தில் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த ஒரு மருந்தாளுநர், ஃபெனெல்சின் வகை மனச்சோர்வு மருந்து எடுக்கும் தன் மனைவிக்குப் பாலாடைக்கட்டி சாப்பிட்டால் தலை வெடிக்கும் வலி வருகிறது என்று கடிதம் எழுதினார். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா என்று கேட்டிருந்தார். லண்டனில் பாரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவர் முதலில் நம்பவில்லை. பிறகு தொடர்ந்து தேடி, 1963இல் அது உண்மை என்று காட்டினார். பாலாடைக்கட்டியில் உள்ள டைரமின் உடையாமல் ரத்தத்தில் சேர்ந்து ரத்த அழுத்தத்தை எகிறவைத்தது. ஆய்வகம் கண்டுபிடிக்காததை வீட்டில் கூடவே இருந்தவர் கண்டார். "எனக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்குகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

ஜனவரி 27

கணினி எச்சரிக்காதா என்று கேட்டவருக்கு: எச்சரிக்கும். அளவுக்கு மேல் எச்சரிக்கும். 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், டாக்டர்கள் இந்த எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை தாண்டிப் போவது தெரிந்தது. நாள் முழுக்கக் கத்தும் மணியை யாரும் கேட்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரையில் ஒரு பெட்டி வருவதைவிட, எதிரில் உட்கார்ந்திருப்பவர் "நான் வார்ஃபரின் எடுக்கிறேன், இதோடு இது சேருமா?" என்று கேட்பதற்குப் பலம் அதிகம்.

ஒரு பாட்டியம்மா ஞாபகத்துக்கு வருகிறார். மருந்துப் பெயர் ஒன்றுகூட அவருக்கு வாயில் நுழையாது. காலி அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, எந்த டாக்டரிடம் போனாலும் மேசையில் கொட்டிவிடுவார். "இதெல்லாம் தின்கிறேன், பார்த்து எழுதுங்க." எங்கள் வார்டுக்கு வந்தபோது அந்தப் பையிலிருந்துதான் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு முறை போய்க்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தோம். அட்டையில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் உண்மையான பெயர். பட்டியலில் அதை எழுதுங்கள்.

ஜனவரி 30

தனிச் செய்தியில் ஒருவர் கேட்டது. பெயர் சொல்லாமல் இங்கே பதில் எழுத அனுமதி தந்திருக்கிறார், மற்றவர்களுக்கும் உதவும் என்று. அவர் எப்போதாவது, விறைப்புக் குறைபாட்டுக்கான சில்டெனஃபில் (வயாக்ரா) எடுக்கிறார். நெஞ்சுவலி உண்டு, நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் வைத்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் சில்டெனஃபில் பற்றித் தெரியாது, பட்டியலிலும் இல்லை.

இரண்டும் ரத்தக் குழாயை ஒரே பாதையில் தளர்த்துபவை. சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும். நைட்ரேட் வைத்திருப்பவர் சில்டெனஃபில் எடுக்கவே கூடாது. தொடர்ந்து வேண்டும் என்றால் இதய டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், அவர் இதைத் தினமும் கேட்பவர்தான். ஏற்கெனவே எடுத்துவிட்டு நெஞ்சுவலி வந்தால், சில்டெனஃபிலுக்குப் பின் 24 மணி நேரம், அதே வகை மருந்தான டடலாஃபிலுக்குப் பின் 48 மணி நேரம் நைட்ரேட் வைக்கக் கூடாது. ஆம்புலன்ஸை அழையுங்கள். வருபவர் நாக்குக்கு அடியில் எதையும் வைப்பதற்கு முன் "நேற்று ராத்திரி சில்டெனஃபில் எடுத்தேன்" என்று சொல்லிவிடுங்கள். மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் நின்றாலும் சொல்லுங்கள். அவர்களிடம் வேறு மருந்துகள் இருக்கின்றன, உங்களுக்கு ஏற்றதைக் கொடுப்பார்கள்.